கிணற்றுப் பங்குக்கு எந்தக் கோடு? மொடலிங் மொழியை ஒன்டாலஜியால் சோதித்துப் பார்க்கும் வழி

யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணி உறுதி (காணிப் பத்திரம்) ஒன்றை எடுத்து, காணி விபரம் எழுதிய பகுதியைக் கடைசி வரை வாசித்துப் பாருங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு (அது எங்கள் காணி அளவு), நாலு பக்க எல்லை எல்லாம் முடிந்தபிறகு, கிணற்றில் ஆறிலொரு பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் என்ற மாதிரி ஒரு வரி வரும். ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு எங்கள் குடாநாட்டில் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரைக் கிணற்றால் எடுத்துத்தான் உரும்பிராய், கோண்டாவில், புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைகின்றன. ஒரு கிணறு, அதைச் சுற்றி நாலைந்து தோட்டம், ஒவ்வொரு தோட்டத்துக்கும் இறைக்க ஒரு முறை.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களுக்கு முன் விவசாயிகள் அமைப்பு ஒன்றுக்குக் காணி, கிணறு, அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியில் செய்து கொடுத்தோம். அதன் மொடலை, அதாவது எதை எதோடு இணைத்துப் பதிவது என்ற வரைபடத்தை, வரைந்தது நான். 'விவசாயி' என்று ஒரு பெட்டி, 'கிணறு' என்று ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு, கோட்டின்மேல் 'பங்கு'. பார்க்க அழகாக இருந்தது. எல்லோரும் சரி என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருவர் தன் இரண்டு பரப்புத் தோட்டத்தை விற்றார். காணி வாங்கியவர் பெயருக்கு மாறியது. கிணற்றுப் பங்கு விற்றவர் பெயரிலேயே நின்றது. வாங்கியவர் தன் முறைக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷினைக் கொண்டுபோய் இறக்கியபோது, பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெங்காயம் நட்டுப் பத்து நாள்கூட ஆகாத தோட்டம் அது.

அந்த அமைப்பில் இருந்த வயதான தோட்டக்காரர் ஒருவர் எனக்கு ஒரே வசனத்தில் விளக்கினார்: "முறை ஆளோட இல்லைப் பிள்ளை, காணியோட."

வரைந்தவள் தோட்டக்காரரிடம் கேட்டிருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் பிறகு எனக்கு வேறு ஒரு கேள்வி விடாமல் வந்தது. நான் கையில் எடுத்த வரைமொழி, அதாவது மொடல் வரையப் பாவிக்கும் பெட்டி, கோடு போன்ற குறிகளின் தொகுதி, 'இந்தப் பங்கு எதன்மேல் நிற்கிறது' என்று என்னை ஏன் கேட்கவில்லை? இரண்டு பெட்டிக்கு நடுவே எதையும் கோடாகப் போட அது ஏன் விட்டது? இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் தேடும் ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கடைசி வருடப் புரொஜெக்ட் செய்கிறவர்களுக்கும், என்னைப் போல அலுவலகத்தில் வரைந்துகொண்டிருப்பவர்களுக்கும் உதவும் என்று, நான் செய்கிற விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

எதை அளவுகோலாக வைப்பது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கணினித் துறையில் ஒன்டாலஜி என்றவுடன் பலருக்கு ஒரு துறையின் சொற்களைத் தொகுத்து வைத்த கோப்பு ஞாபகத்துக்கு வரும். இங்கே சொல்வது அதுவல்ல. உலகத்தில் எந்தெந்த வகையானவை உள்ளன, ஒன்றோடொன்று எப்படி நிற்கின்றன என்று கேட்கும் பழைய மெய்யியல் பிரிவைத்தான் சொல்கிறேன். வரைமொழி உலகத்தை வரைவதற்கு. அப்படியானால் உலகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலை முன்னால் வைத்து, மொழியில் உள்ள குறிகளை அதோடு ஒத்துப் பார்க்கலாம். முழு முறையும் இந்த ஒரு யோசனையில்தான் நிற்கிறது.

இதைத் தொடங்கி வைத்தவர்களில் முக்கியமானவர்கள் யாயிர் வான்ட், ரொன் வெபர் என்ற தகவல் முறைமை ஆய்வாளர்கள் இருவரும். அவர்கள் பட்டியலுக்காகப் போனது மாரியோ புங்கேயிடம். 1919இல் புவெனஸ் அயர்ஸில் பிறந்து, பௌதிகம் படித்து, மொன்றியலில் நெடுங்காலம் மெய்யியல் கற்பித்தவர் புங்கே. 1977இலும் 1979இலும் வந்த அவருடைய இரண்டு தொகுதிகள் ஒன்டாலஜிக்கே உரியவை. முதலாவதன் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'உலகின் தளபாடங்கள்' என்று வரும். ஒரு வீட்டுக்குள் என்னென்ன தளபாடம் கிடக்கிறது என்று எண்ணுவது போல உலகத்தை எண்ணுகிறார்: பொருள், அதன் குணம், நிலை, நிலை மாற்றமாகிய நிகழ்வு, பொருள்கள் சேர்ந்த தொகுதி. வான்டும் வெபரும் 1993இல் எழுதிய கட்டுரையில் இந்தப் பட்டியலுக்கும் வரைமொழிக்கும் நடுவே வரக்கூடிய நான்கு குறைகளைப் பிரித்துக் காட்டினார்கள். மூன்று பெயர்களையும் சேர்த்து இந்தப் பட்டியலைப் புங்கே–வான்ட்–வெபர் மொடல் என்பார்கள்.

இன்னொரு பட்டியல் ஜான்கார்லோ குயிட்சார்டியுடையது. 2005இல் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்விலிருந்து வளர்ந்தது. யூ.எஃப்.ஓ. (Unified Foundational Ontology) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உறவு, வகிபாகம் (ஒருவர் ஏற்றுக்கொள்ளும் பாத்திரம்), வாக்குறுதி, உரிமை போன்றவற்றுக்கு இதில் இடம் அதிகம்.

எதை எடுப்பது? முதல் தடவை செய்கிறீர்கள் என்றால் புங்கே பக்கம் எடுங்கள். பட்டியல் சிறியது, கண்டிப்பானது, ஒரு நாளில் பழகலாம். உங்கள் துறையில் உறுதி, ஒப்பந்தம், பங்கு, அங்கத்துவம் என்று மனிதர்கள் தமக்குள் ஏற்படுத்திக்கொண்டவை நிறைய இருந்தால், இரண்டாவது சுற்றுக்கு யூ.எஃப்.ஓ. தேவைப்படும். எதை எடுத்தாலும் அதை அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள். அளவுகோல் மாறினால் தீர்ப்பும் மாறும் என்பதைக் கீழே ஒரு உதாரணத்தோடு காட்டுகிறேன்.

இந்தப் பட்டியல்களுக்குப் போவதற்கு முன் நான் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. இது எந்தக் கட்டுரையிலும் படித்ததல்ல, பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம். துறையின் சொற்களை எடுத்து நன்னூல் சொல்லும் அறுவகைப் பெயரில் போட்டுப் பார்ப்பேன்: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். கிணறு பொருட்பெயர். கிணற்றுக் கட்டு சினைப்பெயர். உரும்பிராய் இடப்பெயர். மாரி காலப்பெயர். தண்ணீரின் உவர்ப்பு குணப்பெயர். இறைப்பு தொழிற்பெயர். சரி, இதுவரை சுகமாகப் போகிறது. இப்போது 'பங்கு' என்ற சொல்லைப் போடுங்கள். எதற்குள்ளும் வசதியாக உட்காராது. 'ஒற்றி' (கடனுக்கு ஈடாகக் காணியை ஒப்படைப்பது), 'அங்கத்துவம்', 'முறை' எல்லாம் அப்படியே. இரண்டு பேருக்கோ இரண்டு பொருளுக்கோ நடுவில் நிற்பவைக்கு அந்த ஆறில் தனி வீடு இல்லை. அது பெயர்ச்சொல்லைப் பிரிக்க வந்த இலக்கணம், உலகத்தை எண்ண வந்ததல்ல, ஆகவே அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு வேண்டியது எந்தச் சொல் தடக்குகிறது என்ற தகவல். தடக்கிய சொற்களைத் தனித் தாளில் எழுதி வைப்பேன். பிறகு மொடலில் பிழை வந்த இடங்களைப் பார்த்தால், அனேகமாக அந்தத் தாளில் இருக்கும் சொற்கள்தான்.

பிறிஸ்டல் போட், இரண்டு பேனை

ஒரு பெரிய பிறிஸ்டல் போட் (தடித்த வரைதல் அட்டை) வாங்குங்கள். கணினியில் செய்யலாம்தான், ஆனால் முழுவதும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இடது பக்கம் நீங்கள் எடுத்த ஒன்டாலஜியின் வகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். வலது பக்கம் வரைமொழியின் குறிகள்.

வலது பக்கம் எழுதும்போது அவசரப்பட வேண்டாம். மொழியின் பெயர் மட்டும் போதாது, பதிப்பும் வேண்டும். 1976இல் பீட்டர் சென் கொடுத்த, பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் வரையும் ஈ.ஆர். மொழியும், பின்னால் உள்வகை எல்லாம் சேர்த்து விரிவாக்கியதும் ஒன்றல்ல. மென்பொருள் துறையில் பரவலாகப் பாவிக்கும் வரைமொழியான யூ.எம்.எல். 1997இல் ஓ.எம்.ஜி. என்ற தர நிர்ணய அமைப்பு ஏற்றுக்கொண்டதிலிருந்து 2017இன் 2.5.1 பதிப்பு வரை நிறைய மாறியிருக்கிறது. எந்த வேலைக்கு அந்த மொழியைப் பாவிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். தோட்டக்காரரின் உலகத்தை வரைவதற்கா, எழுதப்போகும் புரோகிராமை வரைவதற்கா? இந்தச் சோதனை முதல் வேலைக்குரியது. இதை எழுதி வைக்காவிட்டால், புரோகிராமுக்காக வைத்த குறிகளைப் பார்த்து 'உலகத்தில் இப்படி ஒன்றுமில்லையே' என்று அநியாயமாகக் குறை எழுதுவீர்கள்.

குறிகளின் பொருளை மொழியின் சொந்த ஆவணத்திலிருந்து எடுங்கள், வகுப்புக் குறிப்பிலிருந்து வேண்டாம். யூ.எம்.எல்லில் உள்ளீடற்ற வைரக் குறியை எடுத்துக்கொள்வோம். முழுமை–பகுதி உறவைக் காட்டுவது என்று எல்லோரும் படித்திருப்போம். ஆவணமோ, அதன் துல்லியமான பொருள் துறைக்குத் துறை, வரைபவருக்கு வரைபவர் மாறும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. இதை நேரில் வாசித்த நாளிலிருந்து அந்தக் குறியை நான் தொடுவதில்லை.

அப்புறம் நீலப் பேனையை எடுத்து இடமிருந்து வலமாகப் போங்கள். ஒவ்வொரு வகைக்கும் கேட்க வேண்டியது: இதை வரைய இந்த மொழியில் எந்தக் குறி இருக்கிறது? இருக்கும் குறிகளுக்கெல்லாம் அம்பு போடுங்கள். முடிந்ததும் சிவப்புப் பேனையால் வலமிருந்து இடமாக வாருங்கள். இந்தக் குறியைப் பார்த்தால் உலகத்தில் எதைச் சொல்கிறது என்று எடுப்பது? எத்தனை வகையாக எடுக்கலாமோ அத்தனை அம்பு. நீலத்தைத் திருப்பிப் போட்டால் சிவப்பு வந்துவிடும் என்று நினைத்து இரண்டாவது சுற்றை விட்டுவிடாதீர்கள். வரைகிறவர் நினைப்பது ஒன்று, வாசிக்கிறவர் எடுப்பது இன்னொன்று. நான் போட்ட போட்களில் சிவப்பு அம்பு எப்போதும் நீலத்தைவிடக் கூடத்தான் வந்திருக்கிறது.

இனி எண்ணிப் பார்ப்பது மட்டும்தான். இடப்பக்கத்தில் நீல அம்பே புறப்படாத வகை இருந்தால் அது பற்றாக்குறை, அதாவது மொழிக்கு அதைச் சொல்ல வாயில்லை. ஒரே வகையிலிருந்து இரண்டு மூன்று நீல அம்பு போனால் இரட்டிப்பு. வலப்பக்கத்தில் ஒரு குறியிலிருந்து பல சிவப்பு அம்பு போனால் அந்தக் குறிமேல் சுமை. சிவப்பு அம்பே இல்லாத குறி மிகை.

இந்த வேலையை ஒருவர் மட்டும் செய்யக்கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, பிறகு இரண்டு போட்டையும் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒத்துப்போகாத அம்புகளை வாக்கெடுத்துத் தீர்க்காமல் ஒவ்வொன்றாகப் பேசுங்கள். பேசியும் தீராதவற்றை 'சுமை' என்று குறித்துக்கொள்ளலாம். படித்த இரண்டு பேர் ஒரே குறியை இரண்டு விதமாக எடுத்ததே அதற்குப் போதிய சாட்சி.

நாலு குறையும் ஒரே கனமானவை அல்ல

பற்றாக்குறையைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சென்னின் ஈ.ஆர். மொழியில் நிலை மாற்றத்துக்கோ நிகழ்வுக்கோ தனிக் குறி கிடையாது. இறைப்பு நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நிலை வரைபடம் ஒன்றைக் கூட வைத்துக்கொள்ளலாம். ஒரு மொழி எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்று சட்டமில்லை. சொல்லாத இடம் எதுவென்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இரட்டிப்பும் தாங்கக்கூடியதுதான். யூ.எம்.எல்லில் 'காணியின் உரிமையாளர்' என்பதைக் காணிப் பெட்டிக்குள் ஒரு பண்பாகவும் எழுதலாம், கோடாகவும் போடலாம். இரண்டும் மொழியின் உள்ளமைப்பில் ஒன்றேதான். எங்கள் குழுவில் எது என்று ஒருமுறை முடிவெடுத்துவிட்டால் தீர்ந்தது. மிகையானவற்றை, தோட்டக்காரர் உலகத்தை வரையும்போது தொடாமல் விட்டுவிடுங்கள். பண்புக்கு முன்னால் போடும் கூட்டல் கழித்தல் குறிகள், இன்டர்ஃபேஸ் போன்றவை புரோகிராமின் காரியங்கள்.

சுமைதான் ஆளை விழுத்துவது. ஏனென்றால் மற்ற மூன்றும் வரையும்போதே கையைத் தடுக்கும். சொல்ல முடியாவிட்டால் திகைப்போம், இரண்டு வழி இருந்தால் யோசிப்போம். சுமையேறிய குறியோ எதையும் வாங்கிக்கொள்ளும். வரைந்தவருக்கும் வாசிப்பவருக்கும் வேறு வேறு விளக்கம் இருப்பது இருவருக்கும் தெரியாமலே கையெழுத்தும் ஆகிவிடும்.

யூ.எம்.எல்லின் கிளாஸ் பெட்டியையே பாருங்கள். 'மனிதர்' ஒரு பெட்டி, 'அங்கத்தவர்' ஒரு பெட்டி, 'கிணற்றுப் பங்காளி' ஒரு பெட்டி. மூன்றும் ஒரே நீள்சதுரம். ஆனால் மனிதர் மனிதராக இல்லாமல் போக முடியாது. அங்கத்தவர் நாளைக்கே விலகலாம், விலகியும் அதே ஆள்தான். நிகோலா குவாரினோவும் கிறிஸ் வெல்டியும் 2000ஐ ஒட்டி உருவாக்கிய ஒன்டோகிளீன் முறையில் இந்த வேறுபாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. 'இந்த ஆள் ஆளாகவே இருந்துகொண்டு, இந்தப் பெட்டியை விட்டு வெளியே போக முடியுமா?' என்று ஒவ்வொரு பெட்டிக்கும் கேளுங்கள். போக முடியாதென்றால் அது நிலையான வகை. முடியுமென்றால் வகிபாகம் அல்லது பருவம். நிலையான வகையை வகிபாகத்துக்குக் கீழே உள்வகையாகத் தொங்கவிடக் கூடாது என்பது அவர்கள் விதி. எங்கள் பதிவேட்டில் ஒரே அம்மா அங்கத்தவராக ஒருமுறையும் பங்காளியாக ஒருமுறையும் இரண்டு ஆளாகப் பதிவாகியிருந்தார். இந்தக் கேள்வியை யாரும் கேட்காததன் விளைவு அது. குயிட்சார்டியின் பட்டியலை வைத்து யூ.எம்.எல்லைத் திருத்திச் செய்த ஒன்டோயூ.எம்.எல்லில் ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் வகையா, வகிபாகமா, பருவமா என்று எழுதியே ஆகவேண்டும். எழுதக் கை வைத்த கணமே கேள்வி வந்துவிடுகிறது.

சுமை சில வேளை துறையின் சொல்லிலேயே இருக்கும். 'முறை' என்று எங்கள் ஆட்கள் சொல்வது மூன்றைக் குறிக்கும். இறைக்கும் உரிமை ஒன்று, செவ்வாயும் வெள்ளியும் என்ற ஒழுங்கு ஒன்று, போன செவ்வாய் நடந்த இறைப்பு ஒன்று. பேச்சில் ஒரு குழப்பமும் இல்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். மொடலில் ஒரே பெட்டியாகப் போட்டால், போன செவ்வாய் மழைக்கு இறைக்காமல் விட்டவரின் உரிமை போய்விட்டதா என்று கணினிக்குத் தெரியாது. மொழி குறையா, சொல் குறையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். சொல் குறையென்றால் துறைக்காரரோடு இருந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

அளவுகோல் மாறினால் தீர்ப்பு மாறும்

குழாய்க் கிணற்றுக்கு 'குழாயின் நீளம்' உண்டு. திறந்த கிணற்றுக்கு இல்லை. பெரும்பாலும் நாம் செய்வது 'கிணறு' என்று ஒரு பெட்டி போட்டு, குழாய் நீளத்தை 'இருந்தால் எழுது, இல்லாவிட்டால் வெறுமையாக விடு' என்று வைப்பது. புங்கே வழியில் போனால் இது பிழை. ஒரு பொருளுக்கு இருப்பதுதான் குணம், 'இல்லாத குணம்' என்று ஒரு குணம் கிடையாது. ஆகவே குழாய்க் கிணறு, திறந்த கிணறு என்று உள்வகை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளதை மட்டும் எழுத வேண்டும். இதை ஆட்களை வைத்தும் சோதித்திருக்கிறார்கள். பொடார்ட், பட்டேல், சிம், வெபர் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மேலோட்டமாகப் பார்ப்பதற்கு வெறுமை விடும் முறை போதும் என்றும், ஆழமாக விளங்கிக்கொள்ள வேண்டுமென்றால் உள்வகை பிரித்த மொடலே உதவும் என்றும் கண்டார்கள்.

இப்போது எங்கள் பக்கத்துத் தருக்க நூல் மரபை எடுங்கள். தருக்க சங்கிரகம் எண்ணும் ஏழு பதார்த்தங்களில், அதாவது உள்ளவற்றின் வகைகளில், கடைசி இன்மை. பொருள், குணம், தொழில், சாதி (பலவற்றுக்குப் பொதுவான தன்மை), விசேடம், சமவாயம் (பிரியாத இணைப்பு) என்ற ஆறோடு இல்லாமையும் அங்கே ஓர் உள்ளது. அந்தப் பட்டியலை இடப்பக்கத்தில் எழுதினால் வெறுமை விட்ட கட்டத்துக்கு ஒரு வீடு கிடைக்கிறது. அதே குறி, அதே கிணறு, தீர்ப்பு மட்டும் வேறு. எந்த அளவுகோல் என்று முதல் வரியில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். நான் இந்த இடத்தில் புங்கே பக்கம் நிற்கிறேன், காரணம் அலுவலகத்தில் கண்ணால் கண்டது. வெறுமையான கட்டத்தை ஒருவர் 'குழாய் இல்லை' என்று எடுத்தார், இன்னொருவர் 'அளக்கவில்லை' என்று எடுத்தார், மூன்றாமவர் 'பதிய மறந்துவிட்டார்கள்' என்று எடுத்தார். அதுவும் ஒரு சுமைதான்.

கடைசியில் அந்தக் கோடு

இப்போது தொடக்கத்தில் விட்ட பங்குக்கு வருகிறேன். இதற்குத்தான் எனக்கு அதிக நாள் எடுத்தது.

ஈ.ஆரில் உறவுக் குறிக்கே பண்பு எழுதலாம். யூ.எம்.எல்லில் அசோசியேஷன் கிளாஸ், அதாவது கோட்டோடு ஒட்டிய பெட்டி, இருக்கிறது. ஆகவே கோட்டின்மேல் 'ஆறிலொன்று', 'செவ்வாய், வெள்ளி' என்று எழுதினேன். வான்ட், ஸ்டோரி, வெபர் மூவரும் 1999இல் உறவுக் குறியை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வின்படி இது கூடாது. உறவு என்பது இரண்டு பொருளுக்கும் பொதுவான ஒரு குணம், குணத்துக்கு மேலே குணம் ஏற்ற முடியாது என்பது அவர்கள் நியாயம். உறவுக்குப் பண்பு எழுதத் தோன்றினால், நீங்கள் காணாத ஏதோ ஒன்று அங்கே ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த எச்சரிக்கை மட்டும் அன்றைக்கு என் கையில் இருந்திருந்தால் அந்தக் கோட்டில் நின்று யோசித்திருப்பேன்.

ஒளிந்திருப்பது என்ன என்பதற்குக் குயிட்சார்டியின் பட்டியல் பதில் தருகிறது. அதில் உறவை உண்மையாக்கி நிற்கும் ஒன்றுக்குத் தனி இடம் உண்டு, ரிலேட்டர் என்று பெயர். திருமணம், ஒப்பந்தம், அங்கத்துவம் போன்றவை அதற்குள் வரும். தானாக நிற்க முடியாது, தான் இணைக்கும் பொருள்களைச் சார்ந்தே இருக்கும். ஆனால் அதற்கென்று பண்பும் வரலாறும் உண்டு. பங்கு அப்படித்தான் இருக்கிறது. உறுதி எழுதும்போது பிறக்கிறது. ஒரு காணியை இரண்டு மகள்மாருக்குச் சரிபாதியாகச் சீதனம் கொடுத்தால் ஆறிலொன்று இரண்டு பன்னிரண்டிலொன்றாகப் பிரிகிறது. இவ்வளவு நடக்கிற ஒன்றை வெறும் கோடாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. பெட்டி கொடுத்தேன்.

பெட்டி கொடுத்தவுடன் மொழி கேட்கும் கேள்வி: இது எவற்றைச் சார்ந்தது, எது போனால் இதுவும் போகும்? ஆளா? ஆள் இறந்தாலும் பங்கு இருக்கிறது. காணியா? ஆம். கிணறா? ஆம், தூர்ந்துபோன கிணற்றில் பங்கு கிடையாது. அப்படியென்றால் பங்கு நிற்பது காணிக்கும் கிணற்றுக்கும் நடுவே. ஆள், காணியின் வழியாகத்தான் கிணற்றுக்கு வருகிறார். தோட்டக்காரர் ஒரே வசனத்தில் சொன்னது இதைத்தான்.

போட்டைச் சுருட்டி வைப்பதற்கு முன்

அம்புகளை வைத்து அறிக்கை எழுதி முடித்தவுடன் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். இந்தச் சோதனை தருவது எதிர்வுகூறல்: இந்தக் குறியில் ஆட்கள் குழம்பக்கூடும் என்று மட்டும்தான் அது சொல்கிறது. உண்மையில் குழம்புகிறார்களா என்று பார்க்க வேண்டும். பழைய மொடலையும் திருத்தியதையும் தனித்தனி ஆட்களிடம் கொடுத்துக் கேள்வி கேளுங்கள். 'ஒரு காணிக்கு எத்தனை கிணற்றில் பங்கு இருக்கலாம்?' என்ற மாதிரிக் கேள்விக்குப் படத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடுவார்கள், இரண்டு மொடலிலும் வேறுபாடு தெரியாது. 'காணியில் பாதியை விற்றால் பங்குக்கு என்ன நடக்கும்?' என்று கேட்டால்தான் தெரியும். யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளைக் குறைந்தது நாலைந்தாவது தயாரியுங்கள், துறைக்காரர் வாயிலிருந்து வந்தவையாக இருந்தால் நல்லது.

குழுவுக்கு ஒரு பக்க விதித்தாள் எழுதுங்கள். மொழியை மாற்றும் அதிகாரம் நமக்கில்லை, அதைப் பாவிக்கும் ஒழுங்கை மாற்றலாம். எங்கள் தாளில் இப்போது இருப்பவை கொஞ்சம்தான்: வைரக் குறி வேண்டாம். ஒவ்வொரு பெட்டியிலும் வகையா வகிபாகமா என்று எழுது. கோட்டுக்குப் பண்பு எழுதக் கை போனால் நிறுத்தி, அங்கே ஒளிந்திருப்பதற்குப் பெட்டி கொடு. வெறுமை விடும் கட்டம் வைத்தால் அந்த வெறுமைக்கு என்ன பொருள் என்று பக்கத்தில் எழுது. நிகழ்வையும் பொருளையும் ஒரே நிறத்தில் போடாதே.

திருத்திய மொடலைக் கொண்டுபோய் அந்தத் தோட்டக்காரருக்கு முன்னால் விரித்தேன். விற்பனை, சீதனம், கிணறு தூர்ந்துபோவது எல்லாவற்றுக்கும் படம் சரியாகப் பதில் சொன்னது. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காணியை ஒற்றி வைச்சால் முறை ஆருக்கு?" என்று கேட்டார். ஒற்றியில் உரித்து ஒருவரிடம் இருக்கும், காணியை வைத்துச் செய்கிறவர் இன்னொருவர். எங்கள் படத்தில் ஆளிலிருந்து காணிக்குப் போனது ஒரே ஒரு கோடு. அதன்மேல் 'உரிமையாளர்' என்று எழுதியிருந்தது. நான் சிவப்புப் பேனையை எடுத்து அந்தக் கோட்டைச் சுற்றி வட்டம் போட்டேன். அன்று பின்னேரம் முழுவதும், ஆளும் காணியும் எத்தனை விதமாக இணையலாம் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தோம்.